எத்தனையாவது தலைமுறை என்று யார் சொல்வது? கலப்பினப் பூனைகள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
கேரள மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், திருவனந்தபுரம்
தமிழ்நாடு மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், சென்னை
சைட்டீஸ் உடன்படிக்கைக்கான இந்திய மேலாண்மை அதிகாரி அவர்கள், புது தில்லி

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் வசிக்கிறேன். கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆடு, மாடு, கோழி என்று இருந்த எங்கள் பகுதியில் இப்போது வீட்டுக்கு வீடு பூனை வளர்ப்பும் பெருகியிருக்கிறது. பாரசீகப் பூனைகளோடு நின்றிருந்த இந்த ஆசை, உடம்பில் சிறுத்தைப் புள்ளி உள்ள பெங்கால் பூனை வரைக்கும் வந்துவிட்டது. சவானா என்ற பூனை வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் காட்டு இனம் கலந்தவை. இவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, கூடாதா, வைத்துக்கொள்ளலாம் என்றால் எந்த அலுவலகத்தில் எந்தத் தாளைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் உறுதியாகப் பதில் சொல்ல ஆள் இல்லை என்பதால்தான் இம்மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பூனை காட்டு மூதாதையிடமிருந்து எத்தனை தலைமுறை தள்ளி நிற்கிறது என்பதை ஆவணத்தோடு நிறுவும் பொறுப்பை, அதை வளர்த்து விற்கிறவர் மீது எழுத்தில் சுமத்துங்கள். இன்றைய நிலையில் அந்தப் பொறுப்பு, ஆசைப்பட்டு வாங்கிய, வம்சாவளி என்றால் என்னவென்றே அறியாத குடும்பத்தின் தலையில் விழுந்து கிடக்கிறது.

தலைமுறைக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை, இந்தத் துறையில் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். பெங்கால் பூனை என்பது ஆசியச் சிறுத்தைப்பூனை என்ற சிறு காட்டு விலங்கையும் வீட்டுப்பூனையையும் இணைத்து உருவாக்கிய இனம். அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜீன் மில் 1960களில் இக்கலப்பைத் தொடங்கி, இடையில் விட்டு, 1980களில் மீண்டும் முனைந்து செய்ததன் விளைவாக இந்த இனம் நிலைபெற்றது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் வாழும் செர்வல் என்ற நெடுங்கால் பூனையோடு வீட்டுப்பூனையைச் சேர்த்ததில் பிறந்தது சவானா. அதன் முதல் குட்டி 1986இல் பென்சில்வேனியாவில் பிறந்தது. நம் ஊர்க் காட்டுப்பூனையோடு வீட்டுப்பூனையைச் சேர்த்து உருவாக்கிய சாசி என்ற இனமும் உண்டு. காட்டுப் பெற்றோருக்கு நேரடியாகப் பிறந்த குட்டியை முதல் தலைமுறை என்றும், அதன் குட்டியை இரண்டாம் தலைமுறை என்றும் வளர்ப்போர் எண்ணுவார்கள். முதல் சில தலைமுறைகளில் ஆண் குட்டிகள் பெரும்பாலும் மலடாகவே இருக்கும்; ஆகவே பெண் வழியாகவே இனம் நகர்கிறது. செர்வலின் சினைக்காலம் சுமார் 74 நாள், வீட்டுப்பூனைக்கோ 63 முதல் 65 நாள். இந்த இடைவெளியால் முதல் கலப்பில் குறைமாதக் குட்டிகள் பிறப்பதும் சாகிறதும் சாதாரணம். இந்தத் தொழிலுக்குப் பின்னால் இருக்கும் வேதனை விளம்பரப் படங்களில் தெரிவதில்லை.

ஐந்தாறு தலைமுறை தள்ளிப் பிறந்த பெங்கால் பூனையோ வேறு மாதிரி. அது மடியில் ஏறிப் படுக்கும், மணல் தட்டில் மலம் கழிக்கும், மற்ற பூனையைப் போலவே தடுப்பூசி போட்டுக்கொள்ளும். ஆக, 'பெங்கால்' என்ற ஒரே பெயருக்குள் காட்டு விலங்குக்குப் பக்கத்தில் நிற்கும் ஒன்றும், முழு வீட்டு விலங்கான ஒன்றும் அடங்கியிருக்கின்றன. இனப்பெயரை வைத்துச் சட்டம் பேசினால் இரண்டில் ஒன்றுக்கு அநீதி நேரும்.

பன்னாட்டு அளவில் இதற்கு ஒரு கோடு ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. அருகிவரும் காட்டு உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் 10.17 எண்ணுள்ள தீர்மானம், ஒரு கலப்பின விலங்கின் முந்தைய நான்கு தலைமுறைக்குள் பட்டியலில் உள்ள காட்டு இனம் வந்திருந்தால், அந்தக் கலப்பினத்தையும் பட்டியல் இனத்தைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது. அதற்கு அப்பால் பிறந்தது வணிகக் கட்டுப்பாட்டுக்கு வெளியே போய்விடுகிறது. இந்தியா 1976 முதல் இந்த உடன்படிக்கையில் உறுப்பு நாடு. 2022ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது சைட்டீஸ் பட்டியல் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணையாகவே ஆயிற்று. அந்த அட்டவணையில் உள்ள உயிருள்ள விலங்கை வைத்திருப்பவர் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று 49-எம் பிரிவு சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாகின. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள்ளும், பிறகு பெறுகிறவர்கள் முப்பது நாளுக்குள்ளும் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தின் வழியே தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவ்விதிகளின் சாரம்.

இவ்வளவும் நல்ல ஏற்பாடுகளே. நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. சிக்கல் தொடங்குவது, இந்த ஏற்பாட்டைக் கலப்பினப் பூனை மீது பொருத்திப் பார்க்கும்போதுதான்.

சவானாவை எடுத்துக்கொண்டால் கேள்வி ஓரளவு எளிது. செர்வல் இந்திய விலங்கு அன்று. நான்கு தலைமுறைக்கு உட்பட்ட சவானா நான்காம் அட்டவணையின் பதிவு ஏற்பாட்டுக்குள் வரும் என்று கொள்ளலாம். பெங்கால் பூனையில் அப்படி முடியாது. அதன் மூதாதையான சிறுத்தைப்பூனை நம் காட்டிலும் வாழும் விலங்கு. நெல்லியாம்பதியிலும் பரம்பிக்குளத்திலும் இருக்கிறது. வன உயிரினச் சட்டத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. முதல் அட்டவணை விலங்கு சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறையும் இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. அப்படியானால் மூன்றாம் தலைமுறைப் பெங்கால் பூனை ஒன்றை வைத்திருப்பவர், நான்காம் அட்டவணையில் பதிவு செய்து நிம்மதியாக இருக்கக் கூடியவரா, முதல் அட்டவணையின் கீழ் சிறைக்குப் போகக் கூடியவரா? இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரியது. இதோடு இன்னொரு முடிச்சும் சேர்கிறது. சைட்டீஸ் பட்டியலில் இந்தியா, வங்கதேசம், தாய்லாந்து நாடுகளின் சிறுத்தைப்பூனைகள் கட்டுப்பாடு மிகக் கடுமையான முதல் பிற்சேர்க்கையிலும், மற்ற நாடுகளுடையவை அதை விடத் தளர்வான இரண்டாம் பிற்சேர்க்கையிலும் இருக்கின்றன. கடல் தாண்டி ஒரு கூண்டில் நடந்த கலப்பில் நின்ற பூனை எந்த நாட்டுக் காட்டைச் சேர்ந்தது என்பதைக் கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர் எதைக் கொண்டு நிறுவுவார்?

அண்மையில் ஒரு குடும்பத்தார் தக்காளிப் பெட்டி ஒன்றில் துணியைப் போர்த்திக் குட்டி ஒன்றை என் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். வாட்ஸ்அப்பில் படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்தில் கைமாற்றி வாங்கியிருக்கிறார்கள். விற்றவர் கொடுத்த ஒரே ஆவணம், தடுப்பூசிக் குறிப்பேடு போன்ற ஓர் அட்டை. அதில் இனம் என்ற இடத்தில் 'பெங்கால்' என்று மட்டும் எழுதியிருந்தது. தாய் தந்தை பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஏதோ சொல்லிப் பயமுறுத்திவிட்டான் போலிருக்கிறது. "ஏனுங்க டாக்டரு, இதைப் புடிச்சுட்டுப் போயிருவாங்களாங்க, எங்க மேல கேசு வருமாங்க?" என்று அந்த வீட்டுப் பாட்டி கேட்டார். (கால்நடை ஆய்வாளராக இருந்தவனையும் எங்கள் ஊரார் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், திருத்திப் பயனில்லை.)

நான் செய்யக் கூடியதைச் செய்தேன். குட்டியின் காதைத் திருப்பிப் பார்த்தேன். காட்டுச் சிறுத்தைப்பூனைக்குக் காதின் பின்புறம் கறுத்து, நடுவில் வெள்ளைப் பொட்டு தெளிவாக இருக்கும்; காது நுனி உருண்டிருக்கும்; நெற்றியிலிருந்து பிடரி வரை கறுங்கோடுகள் ஓடும்; உடம்பின் புள்ளிகள் நிறைந்த புள்ளிகளாக இருக்கும். இந்தக் குட்டிக்குக் காதில் பொட்டு இல்லை. விலாவில் இருந்தவை நடுவில் வெளிறி ஓரம் கறுத்த வளையங்கள். வெயிலில் பிடித்தால் மயிர் நுனி பொன்துகள் தூவியது போல மின்னியது. பெங்கால் வளர்ப்போர் தேடித் தேடிச் சேர்த்த குணங்கள் அவை. ஆகவே இது பல தலைமுறை தள்ளிப் பிறந்த வீட்டுப்பூனையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் என் வாய்ச்சொல் ஆவணம் ஆகாது. முன் தலைமுறைப் பெங்கால் பூனைகளிலும் காதுப் பொட்டு வருவது உண்டு. பொட்டு இல்லை என்பதனால் நான்கு தலைமுறை கடந்தது என்று எந்த அதிகாரியும் எழுதித் தர முடியாது, தரவும் கூடாது. புள்ளியை எண்ணித் தலைமுறையைக் கண்டுபிடிக்க இயலாது. வம்சாவளித் தாள் ஒன்றே அதற்கு வழி. அந்தத் தாள் வளர்ப்பவரிடம் மட்டுமே பிறக்க முடியும்.

மறுபுறத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. 'பெங்கால்' என்ற பெயர் உண்மையான காட்டுக் குட்டிகளை விற்பதற்கு நல்ல திரையாகவும் ஆகக் கூடும். எங்கள் பகுதியில் தென்னந்தோப்பு ஓரத்துப் புதர்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் காட்டுப்பூனை குட்டி போடும். வெட்டுக் காலத்தில் ஆட்கள் அரிவாளோடு உள்ளே போகும்போது தாய் விலகி ஓடிவிடும். குட்டிகள் மட்டும் சருகு மேல் கிடக்கும். தாய் செத்துவிட்டது என்று நினைத்து இரக்கப்பட்டு எடுத்து வருகிறவர்களே அதிகம். மலைத் தோட்டங்களில் சிறுத்தைப்பூனைக் குட்டிகளுக்கும் இதே கதிதான். எடுத்தவர் கெட்ட எண்ணம் உடையவர் அல்லர். ஆனால் எடுத்த குட்டியின் படத்தை யாரோ ஒருவர் கைப்பேசியில் ஏற்றி, அதற்கு ஒரு விலை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளும் நாளில் இரக்கம் வியாபாரமாகிவிடும். மகாராஷ்டிரத்தில் கரும்பு வயல்களில் கிடைக்கும் குட்டிகளைக் கண்டெடுத்த இடத்திலேயே பெட்டியில் வைத்து, இரவில் தாய் வந்து கவ்விச் செல்லும்படி செய்கிறார்கள். அந்த முறையை எங்கள் பகுதி வனத்துறையினரும் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொல்லித் தந்தால் எவ்வளவோ குட்டிகள் பிழைக்கும். கலப்பினத்துக்குத் தாள் கட்டாயம் என்று ஆகிவிட்டால், தாள் இல்லாத புள்ளிக் குட்டி எதுவாக இருந்தாலும் அதை விற்க முடியாது. காட்டுக்கும் அதுதான் காவல்.

வெளிநாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இருந்தாலும் இரண்டொன்றைச் சுட்டுகிறேன். அமெரிக்காவில் ஜார்ஜியாவும் ஹவாயும் இவற்றை வளர்ப்புப் பிராணியாக வைத்துக்கொள்ளவே அனுமதிப்பதில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் குறைந்தது மூன்று தலைமுறைகளிலும், நியூயார்க் மாநிலம் ஐந்து தலைமுறைகளிலும் காட்டுப் பெற்றோர் கலவாத, பதிவு பெற்ற பூனையை அனுமதிக்கின்றன. ஆனால் நியூயார்க் நகரம் மாநிலத்தை விடக் கடுமையாக இருக்கிறது. பிரிட்டன் 1976இன் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டத்தின் கீழ் முதல் தலைமுறைச் சவானாவுக்கு உரிமம் கேட்கிறது, அடுத்தவற்றுக்குக் கேட்பதில்லை. ஆஸ்திரேலியா 2008இல் சவானாவைத் தன் கரையில் இறங்கவே விடவில்லை; தரையில் வாழும் சிறு பாலூட்டிகளை ஏற்கெனவே பூனைகளுக்குப் பறிகொடுத்த நாடு அது, அதன் அச்சம் நியாயமானது. கோடு எங்கே போடப்பட்டது என்பதில் இவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. ஆனால் சட்டத்தைப் படித்தால் கோடு எங்கே இருக்கிறது என்று குடிமகனுக்குத் தெரிகிறது. ஜார்ஜியாவில் இருப்பவருக்குக் கிடைக்கும் அந்தத் தெளிவு எங்களுக்கும் கிடைக்க வேண்டும். முழுத்தடை என்று தாங்கள் முடிவெடுத்தாலும் அதையும் ஏற்பேன். என் சொந்தக் கருத்து நான்கு தலைமுறைக் கோடே போதும் என்பது.

எல்லைப் பகுதிக்கே உரிய இடர் ஒன்று இருக்கிறது, அதைத் தலைநகரங்களில் இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பது அரிது. எங்களுக்குச் சந்தை பொள்ளாச்சி, மருத்துவமனை கோயம்புத்தூர், ரேஷன் அட்டை கேரளம். கோபாலபுரம் சோதனைச் சாவடியைக் கடப்பது எங்களுக்குத் தெருவைக் கடப்பது. பூனை பிறந்த இடம் தமிழ்நாடு, வளரும் இடம் கேரளம், ஊசி போடும் மருத்துவர் மீண்டும் தமிழ்நாடு. பதிவு ஒரு மாநிலத்துக் காப்பாளரிடம் இருக்க, விலங்கு இன்னொரு மாநிலத்தில் இருந்தால் கைமாற்றத்தை யாரிடம் தெரிவிப்பது? சாவடியில் பூனைக் கூடையைத் திறந்து பார்க்கும் காவலர் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்டால் விட்டுவிட வேண்டும்? இரு மாநிலக் காப்பாளர்களும் கலந்து பேசி ஒரே சுற்றறிக்கையாக வெளியிட்டால் ஒழிய இது தீராது. ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் நாய்க்கும் பன்றிக்கும் உரிமம் வழங்கும் 1998ஆம் ஆண்டு விதிகளைக் காட்டுகிறார்கள். பூனை அந்த விதிகளின் தலைப்பிலேயே இல்லை. இத்தனைக்கும் ஊரடங்கின் நடுவே, 2020 ஏப்ரலில், தன் பூனைகளுக்குத் தீனி வாங்க வெளியே போக அனுமதி வேண்டும் என்று கேட்டவருக்கு அனுமதி வழங்கிய உயர் நீதிமன்றம் கேரளத்தினுடையது. பூனையின் பசிக்குக் கிடைத்த கவனம் பூனையின் தாளுக்கும் கிடைக்கக் கூடாதா?

என் பழைய தொழிலின் பழக்கத்தால் வெறிநோயைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாயோ பூனையோ கடித்தால், கடித்த விலங்கைப் பத்து நாள் கண்காணிக்கிறோம். அந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் வீட்டுப்பூனைக்கும் ஆராய்ந்து வகுத்தது. காட்டு விலங்குக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் காட்டுக் கலப்பினங்களுக்கென்று உரிமம் பெற்ற வெறிநோய்த் தடுப்பூசியே கிடையாது. முதல் தலைமுறைக் கலப்பினம் ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால், அதை வீட்டுப்பூனையாகக் கருதிக் காத்திருப்பதா, காட்டு விலங்காகக் கருதி நடவடிக்கை எடுப்பதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் அந்த நிமிடத்தில் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்கும் தலைமுறைத் தாள்தான் ஆதாரம்.

இனி, என்ன செய்யலாம் என்பது. புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2018ஆம் ஆண்டின் வளர்ப்புப் பிராணிக் கடை விதிகளில் பூனை இருக்கிறது. கடைக்காரர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும், பதிவேடு வைக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அந்தப் பதிவேட்டில் பெங்கால், சவானா, சாசி ஆகியவற்றுக்கு நான்கு தலைமுறை வம்சாவளியும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பின் எண்ணும் இருக்க வேண்டும், அதன் நகலை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும், கொடுக்காமல் விற்பது குற்றம் என்று ஓர் அறிவிப்பு போதும். கடை இல்லாமல் கைப்பேசி வழியே விற்கிறவரும் விற்பவரே என்பதை அதே அறிவிப்பில் ஐயமறச் சொல்லுங்கள். இன்று பெரும்பாலான விற்பனை அங்கேதான் நடக்கிறது. நான்கு தலைமுறைக்கு உட்பட்ட பெங்கால் பூனை எந்த அட்டவணையின் கீழ் வரும் என்பதை மேலாண்மை அதிகாரி ஒரு பத்தியில் எழுதி வெளியிடுங்கள். ஏற்கெனவே தாள் இல்லாமல் வாங்கிவிட்டவர்களுக்கு, 2020இல் அயல்நாட்டு உயிரினங்களைத் தாமாகத் தெரிவிக்க நடுவண் அரசு ஆறு மாதம் கொடுத்தது போல, ஒரு முறை மட்டும் வாய்ப்புக் கொடுங்கள். தெரிவித்த பூனைக்கு மைக்ரோசிப் பொருத்தி, கருத்தடை செய்து, அந்த வீட்டிலேயே இருக்க விடுங்கள். பறிமுதல் செய்து கூண்டில் அடைப்பது அந்தப் பூனைக்கும் நல்லதில்லை. இடம் போதாத மீட்பு மையங்களுக்கும் நல்லதில்லை. கருத்தடையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்தில் காட்டுப்பூனை என்ற இனமே வீட்டுப்பூனையோடு கலந்து கலந்து தன் தனித்தன்மையை இழந்து நிற்கிறது. நம் தோப்போரத்தில் இரவில் நடமாடும் காட்டுப்பூனைக்கு அந்த நிலை வர வேண்டாம்.

பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிப்பது படித்தவர்களுக்கே கடினமாக இருக்கிறது. கேரள அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு விலங்கின் அறிவியல் பெயர் எதுவென்று தெரியாது. விண்ணப்பிக்க வந்தவருக்கும் தெரியாது. எந்தப் பூனைக்குப் பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று விளக்கும் ஒரு பக்கத் தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுக் கால்நடை மருத்துவமனைகளிலும் அக்ஷயா மையங்களிலும் ஒட்டச் செய்யுங்கள்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, மொழிச் சிறுபான்மையினரான எங்களுக்கு அரசுத் துறைத் தலைமையகங்களோடு தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையின்படியே இதை எழுதியிருக்கிறேன். மேலே கேட்டவற்றில் ஏற்கத் தக்கது எது, இயலாதது எது, இயலாது எனில் ஏன் என்பதைக் குறிப்பிட்டுத் தமிழில் பதில் எழுதும்படி வேண்டுகிறேன். பதில் வந்ததும் அதன் நகலை முதலில் அந்தப் பாட்டியின் வீட்டில் கொடுப்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற கால்நடைத் துறை ஊழியர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்